ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரியான ஊரில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் கோயிலில் மாலை போடுவார்கள், சங்கத்தில் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவார்கள். மேடையில் இருக்கும் எல்லாரும் தலைக்கு ஒருமுறை "விடாமுயற்சி இருந்தா எதையும் சாதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பாடம் தேவையில்லை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தையோ மெட்ரிகுலேஷனையோ தாண்டி, ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை அது. முயற்சி இல்லாமல் அவ்வளவு தூரம் வர முடியாது. அப்படியும் முதல் பருவத்தில் பலர் சறுக்குகிறார்கள். எவ்வளவு நேரம் படிக்க வேண்டும், அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்பதை யாரும் அவர்களுக்கு எண்ணிக்கையாகச் சொல்வதில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கை இருக்கத்தான் செய்கிறது. மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் கணக்குப்படி, பாடத்தின் அளவை எண்ணும் அலகான ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 40 மணி நேரம் படித்திருக்க வேண்டும். விரிவுரை, டியூட்டோரியல், இடுபணி, சொந்தப் படிப்பு, தேர்வு எழுதும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரத்துக்கு 3 மணி வகுப்பு என்றால் 14 வாரத்தில் 42 மணி ஆகிறது. மீதி 78 மணி நேரத்தை நீங்களே உட்கார்ந்து கழிக்க வேண்டும், யாரும் வருகைப் பதிவு எடுக்க மாட்டார்கள். இப்படி ஐந்து பாடம் எடுத்தால் மொத்தம் 600 மணி. வகுப்பு 210 போக மிச்சம் 390. படிப்பு வாரம், தேர்வு வாரங்கள் எல்லாம் சேர்த்து 18 வாரத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 21, 22 மணி நேரம் வருகிறது. மூன்று பருவ முறை உள்ள தனியார் பல்கலைக்கழகங்களில் எண் கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது.

நடப்பில் என்ன ஆகிறது என்றால், முதல் 10 வாரம் வாரத்துக்கு 5 மணி நேரம் படிக்கிறார்கள். அது 50 மணி. மீதமுள்ள 340 மணியும் கடைசி 8 வாரத்தின் தலையில் வந்து விழுகிறது. வாரத்துக்கு 42 மணிக்கு மேல், அதுவும் வகுப்பு நேரம் போக, எல்லா இடுபணிக்கும் கெடு வருகிற அதே வாரங்களில். "ஸ்ட்ரெஸ் தாங்கல" என்று பதினோராவது வாரத்தில் சொல்கிற பிள்ளை சோம்பேறியும் இல்லை, பலவீனமான பிள்ளையும் இல்லை. அந்த வாரத்தின் கணக்கு யாராலும் தாங்க முடியாத கணக்கு.

22 மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? இரவைத் தொடாதீர்கள், பகலில் இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். 10 மணி வகுப்பு 12-க்கு முடிகிறது, அடுத்தது 2 மணிக்கு. இப்படி வாரத்தில் நான்கைந்து இடைவெளி எல்லா கால அட்டவணையிலும் இருக்கும். சாப்பாட்டுக்கு 40 நிமிடம் போனாலும் ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். அந்த நேரத்தில் விடுதி அறைக்குத் திரும்பக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அறைக்குப் போனால் கட்டில் கூப்பிடும். வகுப்பு முடிந்த கட்டடத்திலேயே ஒரு மேசையைப் பிடித்து, இப்போது முடிந்த விரிவுரையை மட்டும் பாருங்கள். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் இப்படியே கிடைத்துவிடும், இரவில் ஒரு நிமிடம்கூடத் தொடாமல்.

அடுத்தது, அந்த மணி நேரத்தில் என்ன செய்வது. நம் பிள்ளைகள் நன்றாகச் செய்கிற ஒரு காரியம் குறிப்பை அழகாக எழுதுவது. நான்கு வண்ணப் பேனா, ஹைலைட்டர், தலைப்புக்குக் கீழே அடிக்கோடு. பிறகு அதையே மூன்று முறை வாசிப்பது. வாசிக்க வாசிக்கத் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த "தெரிந்த மாதிரி"யில்தான் ஏமாற்றம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலரை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. தேர்வு 5 நிமிடத்தில் வருவதில்லை. 2013-இல் டன்லாஸ்கியும் அவர் குழுவும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோதும் அடிக்கோடிடுதல், மறுவாசிப்பு இரண்டும் கடைசித் தட்டில் விழுந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல் தட்டில் நின்றன.

செய்முறை எளிது, ஆனால் கசக்கும். ஒரு வெற்று ஏ4 தாள். புத்தகத்தை மூடிவிட்டு, 15 நிமிடத்தில் அந்த விரிவுரையில் நினைவிருப்பதையெல்லாம் நீலப் பேனாவில் எழுதுங்கள். பிறகு குறிப்பைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் நிரப்புங்கள். முதல் தடவை தாளில் பாதிக்கு மேல் சிவப்பாகத்தான் இருக்கும். இங்கேதான் பலர் "எனக்கு ஒண்ணுமே ஏறல" என்று மனம் விட்டுப்போய்ப் பழைய மறுவாசிப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்த முறை படிக்க வேண்டியது அது மட்டும்தான், நீலத்தைத் தொடவே தேவையில்லை.

கணக்கியல் பாடத்தில் தேய்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் விலை 20,000 ரிங்கிட், ஐந்து ஆண்டுக்குப் பிறகு மிஞ்சும் மதிப்பு 2,000. நேர்க்கோட்டு முறையில் 20,000-இலிருந்து 2,000-ஐக் கழித்து ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 3,600. இது எல்லாருக்கும் வரும். ஒவ்வோர் ஆண்டும் மீதி மதிப்பிலிருந்து ஒரே விகிதத்தைக் கழிக்கும் குறையும் மீதி முறைக்கு வந்து, விகிதம் 20 விழுக்காடு என்று கொடுத்திருந்தால் முதல் ஆண்டுத் தேய்மானம் 4,000, இரண்டாம் ஆண்டு 3,200, மூன்றாம் ஆண்டு 2,560. இங்கே ஒரு கூட்டம் 2,000-ஐ முதலிலேயே கழித்துவிட்டு 18,000-க்கு 20 விழுக்காடு போடும். வாசிக்கும்போது இந்தத் தவறு கண்ணில் படாது, ஏனென்றால் விடை பக்கத்திலேயே அச்சாகி இருக்கிறது. வெற்றுத் தாளில் போட்டுப் பார்க்கும்போதுதான் வெளியே வரும். வந்ததும் ஒரு தனி நோட்டில் ஒரே வரியாக எழுதி வையுங்கள்: "குறையும் மீதி: மிஞ்சும் மதிப்பை முதலில் கழிக்காதே." பருவம் முடியும்போது பாடத்துக்கு 30, 40 வரி சேரும். தேர்வுக்கு முந்தின நாள் படிக்க அதைவிட நல்ல புத்தகம் கடையில் கிடைக்காது.

இடைவெளியைப் பற்றித் தோட்டத்து ஆள்களுக்கு விளக்கவே வேண்டாம். இப்போது பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும், பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டி இல்லாத வீடு ஊரில் குறைவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஒரு மரத்தை வெட்டுவார்கள். நிறையப் பால் வேண்டும் என்று தினமும் வெட்டினால் பால் நின்று பட்டை காய்ந்துபோகும். பாடமும் அப்படித்தான். ஒரே பாடத்தை ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் படிப்பதைவிட, அதே ஆறு மணியை வாரத்தில் நான்கு நாளுக்குப் பிரித்துப் போட்டால் நிற்கும். ஒரு விரிவுரைத் தாளை அன்றே ஒருமுறை, மூன்றாம் நாள், ஒரு வாரத்தில், பிறகு மூன்று வாரத்தில் எழுதிப் பாருங்கள். நான்காவது தடவைக்கு 5 நிமிடம்கூடத் தேவைப்படாது.

மொழி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், வெட்கப்பட்டுப் பலர் மறைக்கிற இடம் அது. ஆறாம் படிவத்தில் மலாயில் படித்த உயிரியலும் பொருளியலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் வரும்போது, தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடும். முதல் மூன்று வாரத்தில் பாடத்துக்கு ஒரு சொற்பட்டியல் போட்டுவிடுங்கள்: ஆங்கிலச் சொல், மலாய்ச் சொல், பக்கத்தில் தமிழில் உங்கள் சொந்த விளக்கம். நாளைக்கு எட்டுப் பத்துச் சொல் போதும். தமிழில் வாய்விட்டு விளக்கிப் பார்ப்பது புரிதலுக்கு மிக நல்லது. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. தமிழில் புரிந்ததைத் தேர்வு மொழியில் ஐந்து வரியாக எழுதிப் பழகாத பிள்ளை, தேர்வறையில் விடை தெரிந்தும் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாரத்துக்கு ஒரு பழைய கேள்வி, பாடத்துக்கு ஒன்று, முழு வாக்கியத்தில், நேரம் பார்த்து எழுதுங்கள்.

வீட்டைப் பற்றி. சுங்கை சிப்புட்டில் ரயில் நிலையம் இருக்கிறது, இ.டி.எஸ். விரைவு ரயில் நிற்கிறது. கம்பாரிலோ தஞ்சோங் மாலிமிலோ படிக்கிற பிள்ளைக்கு வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தோன்றும். நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, ரயில், பிறகு வீடு என்று கூட்டினால் போகவர அரை நாள் போய்விடும். வந்த இடத்தில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, சித்தி வீட்டுக்கு ஒரு நடை. மாதத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும் என்பது என் அபிப்பிராயம், அம்மாக்கள் கோபித்துக்கொள்ளலாம். அக்டோபரில் தொடங்கும் பருவத்தில் தீபாவளி முதல் பாதியில் வந்துவிடும், தைப்பூசம் தேர்வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு தேதியும் முன்கூட்டியே தெரிந்தவை. முதல் வாரத்திலேயே இடுபணிக் கெடுக்களோடு சேர்த்து ஒரே நாள்காட்டியில் குறித்துவிட்டால், பண்டிகையை நிம்மதியாகக் கொண்டாடலாம். காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டே வாட்ஸ்ஆப்பில் குழுப்பணி முடிக்கிற காட்சியைப் பத்துமலையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

விடுமுறையில் வீட்டில் படிப்பதானால் வீட்டின் ஓட்டத்தோடு போங்கள். அப்பாவோ அம்மாவோ பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம்) போகிற வீட்டில் விடியுமுன்பே விளக்கு எரியும், இரவு 9.30-க்கு ஊரடங்கும். அங்கே நடுராத்திரி வரை படிப்பது எல்லாருக்கும் தொந்தரவு. விடியற்காலை 5 மணியிலிருந்து 7 வரை, டிவி போடுவதற்கு முன்னால், இரண்டு மணி நேரம் கிடைக்கும். அது தங்கம்.

பணம். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். பருவம் தொடங்கிய அன்றே கைக்கு வருவதில்லை, முதல் பருவத்தில் வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் பகுதி நேர வேலைக்குப் போய், பிறகு கடன் வந்த பிறகும் விடமுடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். வேலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, வீட்டு நிலைமை வீட்டுக்குத்தான் தெரியும். கணக்கை மட்டும் பாருங்கள்: வாரத்துக்கு வகுப்பு 15 மணி, சொந்தப் படிப்பு 22, மொத்தம் 37. அதன்மேல் 8 மணி வேலை தாங்கும். 20 மணி வேலை என்றால் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கட்டாயம் வேலை செய்தாக வேண்டிய பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்து எடுப்பது, ஐந்தையும் எடுத்து இரண்டில் விழுவதைவிட மலிவு. கைச்செலவுக்கே இல்லாத நிலை என்றால் மாணவர் நலப் பிரிவான ஹெச்.இ.பி. அலுவலகத்தில் அவசர உதவி இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

"கிரிட்", அதாவது ஒரே இலக்கை விடாப்பிடியாகத் தொடரும் மனஉறுதி, என்ற சொல் இப்போது எல்லா ஊக்கமூட்டும் பேச்சிலும் வருகிறது. உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் 2007-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. பத்து ஆண்டு கழித்து, 2017-இல், கிரெடே என்பவரும் கூட்டாளிகளும் 66,000-க்கு மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பொறுப்புணர்வு என்று உளவியல் ஏற்கெனவே வைத்திருந்த குணத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. இலக்கை மாற்றாமல் பிடித்திருப்பதைவிட, உழைப்பைத் தொடர்வதுதான் மதிப்பெண்ணோடு ஒட்டிவந்தது. ஆக, துறை மாற்றம் கேட்கிற பிள்ளையை "மனஉறுதி இல்லாதவன்" என்று திட்டாதீர்கள்.

மன அழுத்தம் எல்லாமே கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். தேர்வுக்கு முன் நெஞ்சு படபடப்பது உடம்பு தயாராவதற்கான அடையாளம். அமெரிக்காவில் 2010-இல் நடந்த ஓர் ஆய்வில், இந்தப் படபடப்பு உதவக்கூடியது என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மாணவர்கள் கணிதப் பகுதியில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். தேர்வு வாரத்தில் கெடுப்பது பெரும்பாலும் தூக்கமின்மைதான். காப்பியில் இருக்கும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குக் குடித்த கோப்பி ஓ-வின் பாதி விடியற்காலை 3 மணிக்கும் உள்ளே இருக்கிறது. பிற்பகல் 3 மணியோடு நிறுத்துங்கள். விழித்திருந்து படித்த இரண்டு அதிகாரத்தைவிட, தூங்கிக் கலையாமல் வைத்திருக்கும் எட்டு அதிகாரம் கூடுதல் மதிப்பெண் தரும்.

இதைத் தாண்டிய ஒன்று இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வகுப்புக்குப் போகக் கால் எழவில்லை, நண்பர்களின் செய்தியைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்றால் அது நேர நிர்வாகப் பிரச்சினை இல்லை. பல பல்கலைக்கழகங்களில் டாஸ்-21 என்ற படிவம் கொடுப்பார்கள். மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றுக்கும் ஏழேழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கூட்டி இரண்டால் பெருக்கினால், மனச்சோர்வில் 10, பதற்றத்தில் 8, அழுத்தத்தில் 15, இதில் எதைத் தொட்டாலும் அது இயல்பைத் தாண்டியது என்று பொருள். நோய் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஆலோசகரைப் பார்க்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். பேர் கெட்டுவிடுமோ என்று எல்லாவற்றுக்கும் 0 போட்டுக் கொடுக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1998 ஆலோசகர் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற ஆலோசகர் நீங்கள் சொல்வதை இரகசியமாக வைக்கக் கடமைப்பட்டவர். விரிவுரையாளருக்குப் போகாது, வீட்டுக்கும் போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டும் விதிவிலக்கு. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது, சொன்னால் போலீஸ் வரும் என்ற பயம் இனி வேண்டாம். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் 15555. தன்னார்வ உதவி அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, எந்த நேரமும்.

நம் பிள்ளைகளிடம் ஒரு தனிக் கனம் உண்டு. "அம்மா வெயில்ல நின்னு பழம் பொறுக்குறாங்க, நான் ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு மன உளைச்சல்னு எப்படிச் சொல்றது" என்ற குற்ற உணர்ச்சி. அதனால் போனில் எப்போதும் "ஓகே லா மா" மட்டும்தான். பெற்றோர் "எத்தன ஏ?" என்று கேட்பதை விட்டுவிட்டு "இந்த வாரம் எந்தப் பாடம் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டால் பாதிக் கதவு திறக்கும்.

கடைசியாக, முதல் பருவ முடிவு மோசமாக வந்தவர்களுக்கு ஒரு கணக்கு. பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட், 4.00-க்கு 3.00 என்ற சராசரியில் முடிக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். பருவத்துக்கு 16 கிரெடிட். முதல் பருவத்தில் 2.00 எடுத்தால் மீதி 104 கிரெடிட்டில் சராசரி 3.15 வேண்டும், எட்டக்கூடியதுதான். இரண்டு பருவம் அப்படியே போனால் 3.36. மூன்று பருவம் போனால் 3.67. நான்காவதும் போய்விட்டால் 4.14 வேண்டும், அப்படியொரு மதிப்பெண்ணே கிடையாது. ஒரு மோசமான பருவம் ஒன்றும் செய்யாது, நான்கு மோசமான பருவம் கதவைச் சாத்திவிடும். 2.00-க்குக் கீழே போனால் பெரும்பாலான இடங்களில் எச்சரிக்கை நிலை, பி.டி.பி.டி.என். பணமும் நிற்கும் ஆபத்து.

எனவே முடிவு வந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் கெடு, கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள், சில நாள்தான் இருக்கும். கல்வி ஆலோசகராக ஒதுக்கப்பட்ட விரிவுரையாளரைப் போய்ப் பாருங்கள், மின்னஞ்சலில் நேரம் கேட்டுவிட்டு. தோற்ற பாடம் அடுத்த பருவத்தில் நடக்கிறதா, ஆண்டுக்கு ஒருமுறைதானா, அதை முடிக்காமல் வேறு எந்தப் பாடத்தை எடுக்க முடியாது என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருகிற முன்தேவைப் பாடத்தைத் தவறவிட்டால் பட்டமே ஓர் ஆண்டு தள்ளிப்போகும். கடன் அனுமதிக்கப்பட்ட படிப்புக் காலத்துக்குத்தான் வரும், அந்தக் கூடுதல் ஆண்டுக் கட்டணம் வீட்டுத் தலையில் விழும். பாடப் பதிவு தொடங்கிய முதல் நாளே அந்தப் பாடத்தில் இடம் பிடித்துவிட்டு, மற்ற பாடங்களை அதற்கேற்ப அடுக்கிக்கொள்ளுங்கள்.